பொது மெயில் பெட்டிக்கு ஓர் ஒழுங்கு: எல்லையோர ஏற்றுமதி அலுவலகங்களுக்கான வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளாவுக்குள் போகிற சாலைகளின் இருபுறமும் தேங்காய் மட்டை மில்களும், மட்டையிலிருந்து வரும் நார்த்தூளான பித்தைக் காயவைக்கும் களங்களும்தான். பல களங்களை ஒட்டியே சின்னதாக ஓர் அலுவலகம் இருக்கும். நெதர்லாந்துக்கும் கொரியாவுக்கும் மெக்சிகோவுக்கும் அங்கிருந்துதான் மெயில் போகிறது. வேலை பார்ப்பவர்கள் நான்கைந்து பேர். கம்பெனிக்குப் பொது மெயில் முகவரி ஒன்று, அதன் பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும். விளைவு என்ன? ஒரே வாடிக்கையாளருக்குக் காலையில் ஒருவர் ஒரு விலை சொல்வார், மதியம் இன்னொருவர் வேறு விலை சொல்வார். அல்லது "அவர் பதில் போட்டிருப்பார்" என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு, யாருமே பதில் போடாமல் மூன்று நாள் ஓடிவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் வாடிக்கையாளர் மெயில் மென்பொருள்கள் இருக்கின்றன. வருகிற ஒவ்வொரு மெயிலையும் ஒரு டிக்கெட்டாக மாற்றி, அதற்கு ஓர் எண் கொடுத்து, யார் பொறுப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுவது இவற்றின் வேலை. இதை முதன்முறையாகத் தொடுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. காயர் பித் வியாபாரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். போடியில் ஏலக்காய் அனுப்புபவருக்கும் களியக்காவிளையில் கடை வைத்து ஆன்லைனில் விற்பவருக்கும் முறை இதேதான்.

எதை வாங்குவது?

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் இருக்கிறது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் ஜோஹோ டெஸ்க் இருக்கிறது. சொந்த சர்வரில் நிறுவத் தெரிந்த ஆள் கையில் இருந்தால் ஓஎஸ்டிக்கெட், ஜாமட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் உண்டு. ஏற்கெனவே கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் கூகுள் குரூப்ஸில் உள்ள கூட்டு இன்பாக்ஸ் வசதியிலேயே தொடங்கலாம். அது கொஞ்சம் மொட்டையாக இருக்கும், ஆனால் சின்ன அலுவலகத்துக்குப் போதும்.

மூன்று கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் மெயில் நம் சொந்த டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) போகுமா? இருவர் ஒரே டிக்கெட்டைத் திறந்தால் எச்சரிக்கை காட்டுமா? நாளைக்கு வேண்டாம் என்று விலகினால் மெயில்களை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சரி, அதையே எடுங்கள். கட்டணம் பெரும்பாலும் லாகின் எண்ணிக்கைப்படி வரும். அதனால் களத்து மேஸ்திரிக்கும் டிரைவருக்கும் லாகின் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

இவற்றின் விளம்பரங்களில் 'உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். புதிதாக வருபவர்கள் வழுக்கி விழுகிற இடமும் அதுதான். முதல் நாளே பதினைந்து ஸ்டேட்டஸ் (டிக்கெட்டின் நிலை), முப்பது டேக் (அடையாளச் சொல்), இருபது ரூல் (தானியங்கி விதி) போட்டு வைத்தால், அடுத்த வாரம் ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துவார்கள். பிறகு பழைய பொது இன்பாக்ஸே தேவலை என்று தோன்றிவிடும். ஒரு மெயிலுக்கு ஓர் ஆள், ஓர் அடுத்த தேதி. இந்த இரண்டும் நிலைபெறும்வரை மற்ற வசதிகளைத் தொடாதீர்கள்.

முதல் படி: போன வார மெயில்களை வகை பிரிப்பது

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். போன வாரம் வந்த மெயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதற்காக வந்தது என்று குறியுங்கள். பித் ஏற்றுமதியில் பெரும்பாலும் இப்படித்தான் விழும்: விலை கேட்பவை, சாம்பிளும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேட்பவை, ஷிப்மென்ட் ஆவணம் பற்றியவை, சரக்கு பற்றிய புகார், பணம் பற்றியவை. இவை தவிர மட்டை சப்ளையர், லாரி ஆபீஸ், வேலை கேட்பவர்கள், குப்பை மெயில்.

ஐந்தாறு வகைக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள், அவர் லீவில் இருந்தால் பார்க்க இன்னொரு பெயர். இந்தத் தாள்தான் பிறகு செய்யப்போகிற அத்தனை அமைப்புக்கும் அடிப்படை. இதைச் செய்யாமல் நேராக மென்பொருளுக்குள் போனால், ஸ்கிரீனில் தெரிகிற ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்கத் தோன்றும்.

இரண்டாம் படி: மெயிலை இணைப்பது

பொது முகவரிக்கு வருகிற மெயில் தானாக மென்பொருளுக்குப் போகும்படி ஃபார்வர்டு போட வேண்டும், அல்லது கணக்கை நேரடியாக இணைக்க வேண்டும். மென்பொருளே வழிகாட்டும். ஆனால் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஃபார்வர்டு முறையில், ஸ்பேம் என்று பிடிக்கப்பட்ட மெயில் பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். புது வாடிக்கையாளரின் முதல் மெயில் அங்கே விழ வாய்ப்பு அதிகம். முதல் ஒரு மாதமாவது பழைய பெட்டியின் ஸ்பேம் ஃபோல்டரைத் தினமும் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, பதில் மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழாமல் இருக்க மெயில் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்கிற மூன்று வரிகளையும் டொமைனில் சேர்க்க வேண்டும். டொமைன் வாங்கிக் கொடுத்தவரிடம் மென்பொருள் தருகிற வரிகளை அப்படியே கொடுத்தால் அவர் சேர்த்துவிடுவார். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தனியாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதியதைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. ஜிமெயிலுக்கு அனுப்புகிற யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருந்தாக வேண்டும். சேர்த்த பிறகு உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அதன் மூல வடிவத்தைக் காட்டும் மெனுவைத் திறந்தால் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆளுக்கொரு லாகின், இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். பழைய பொது பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பழக்க தோஷத்தில் யாராவது பழைய பெட்டியைத் திறந்து பதில் போடுவார்கள், அந்தப் பதில் டிக்கெட்டில் பதியாது.

மூன்றாம் படி: நான்கே ஸ்டேட்டஸ்

திறந்தது. வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு. வெளியார் பதிலுக்குக் காத்திருப்பு. முடிந்தது. இவ்வளவு போதும்.

மூன்றாவதை எல்லாரும் விட்டுவிடுவார்கள். நம் தொழிலில் தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. கொச்சி ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் ஏற்ற ஏற்பாடு செய்பவர்) புக்கிங் எண் தர வேண்டும், லேப் ரிப்போர்ட் தர வேண்டும், ஃபைட்டோ என்கிற தாவர நலச் சான்று வர வேண்டும். இவற்றை 'திறந்தது' என்றே விட்டால் பட்டியல் எப்போதும் நிறைந்தே இருக்கும், எது நம் கையில் இருக்கிற வேலை என்று தெரியாது. காத்திருப்பில் போடும்போது, மறுபடி எந்தத் தேதியில் தலைகாட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தேதியில்லாமல் காத்திருப்பில் போட்ட டிக்கெட் மறந்துபோன டிக்கெட்தான்.

நான்காம் படி: ஒரு மெயிலை முழுதாக நடத்திப் பார்ப்பது

கொரியாவிலிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோ பிளாக், கழுவிய பித், ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5க்குக் கீழே, நாற்பதடி ஹைக்யூப் கண்டெய்னர் இரண்டு, பூசான் துறைமுகம், விலை சொல்லுங்கள் என்கிறார். நமக்குக் காலை ஒன்பது என்றால் அவருக்குப் பன்னிரண்டரை. கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மதியத்துக்குள் ஒரு வரியாவது போகாவிட்டால் அவருடைய நாள் முடிந்துவிடும்.

காலையில் முதலில் வருபவர் டிக்கெட்டைத் திறந்து, விலைப் பிரிவைப் பார்க்கும் பெண்ணுக்கு அசைன் செய்கிறார். டிக்கெட்டை அவர் எடுத்ததும் செய்ய வேண்டியது, "கிடைத்தது, இன்று மாலைக்குள் விலை தருகிறோம், ஈசி எந்த விகிதத்தில் அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று சுருக்கமாக ஒரு பதில். எத்தனை பங்கு தண்ணீரில் கலந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஈசி எண் மாறும். இதை முதல் மெயிலிலேயே கேட்டுவிட்டால் பிறகு வருகிற புகாரில் பாதி வராது.

அடுத்து களத்துக்குப் போன்.

"அண்ணா, கழுவின பித்து ரெண்டு கண்டெய்னருக்குத் தேறுங்களா?"

"ஒண்ணுக்கு இருக்குதும்மா. இன்னொண்ணு அடுத்த வாரம் வெயில் அடிச்சாத்தான்."

போனை வைத்த கையோடு இதை டிக்கெட்டின் உள்நோட்டில் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதலாம். உள்நோட் வாடிக்கையாளருக்குப் போகாது. ஆனால் நோட் பெட்டியும் பதில் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் நோட்டுக்கு மஞ்சள் பின்னணி, பதிலுக்கு வெள்ளை. அனுப்பும் முன் நிறத்தைப் பார்க்கிற பழக்கத்தை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். களத்து நிலவரம் கொரியாக்காரருக்குத் தமிழில் போனால் பாதகமில்லை, அவருக்குப் புரியாது. நம் அடக்க விலை அவருக்குப் போனால் அதற்கு மொழி தேவையில்லை, எண்ணே போதும்.

பிறகு கப்பல் வாடகை கேட்டு ஃபார்வர்டருக்கு ஒரு மெயில். இதைத் தனி மெயிலாக அனுப்பாமல், டிக்கெட்டுக்குள்ளிருந்தே பக்க உரையாடலாக அனுப்பும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அவர் பதிலும் அதே டிக்கெட்டில் வந்து விழும். ஸ்டேட்டஸை வெளியார் காத்திருப்புக்கு மாற்றி, தேதி இன்றே மாலை மூன்று மணி என்று வைக்க வேண்டும். மூன்று மணிக்கு டிக்கெட் தானாக மேலே வரும். வாடகை வந்திருந்தால் விலை போகும். வரவில்லை என்றால் ஃபார்வர்டருக்கு ஒரு போன்.

இப்படி ஒரே ஒரு டிக்கெட்டை எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து நடத்திக் காட்டினால் போதும். தனியாகப் பயிற்சி வகுப்பு தேவையில்லை.

இன்னொரு சிக்கல். பழைய வாடிக்கையாளர்கள் புது ஆர்டருக்குப் புது மெயில் எழுதமாட்டார்கள். போன வருட மெயிலைத் தேடி எடுத்து, அதற்கே பதில் போடுவார்கள். மூடிய டிக்கெட் போன வருடத் தலைப்போடு திறந்துகொள்ளும், பழைய பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) எண், பழைய விலை எல்லாம் கீழே தொங்கும். அதைப் பிரித்துப் புது டிக்கெட்டாக்கி, தலைப்பைப் புது ஆர்டருக்கு மாற்றிவிடுங்கள். எதிர்மாறாக, ஒரே விஷயத்துக்கு மூன்று மெயில் தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் இரண்டு கம்பெனி டிக்கெட்டுகளை மாற்றிச் சேர்த்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு, அனுப்புநர் முகவரியைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: டேக்

நாடு, சரக்கு வகை, துறைமுகம். கொச்சி வழியா தூத்துக்குடி வழியா என்பது டேக்கில் தெரிந்தால் ஆவணம் பார்ப்பவருக்கு வசதி. 'அவசரம்' என்று டேக் வைக்காதீர்கள், ஒரு வாரத்தில் எல்லாமே அவசரமாகிவிடும்.

ஆறாம் படி: ரூல்

ரூல் என்பது மெயில் வந்ததும் மென்பொருள் தானாகச் செய்கிற வேலை. இன்னாரிடமிருந்து வந்தால் இன்னாருக்குக் கொடு, தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் இந்த டேக் போடு, இப்படி. மூன்றில் தொடங்குங்கள். ஃபார்வர்டர், கஸ்டம்ஸ் ஏஜென்ட் முகவரிகளிலிருந்து வருபவை நேராக ஆவணப் பிரிவுக்கு. தலைப்பில் பேமென்ட், வங்கி, ஸ்விஃப்ட் போன்ற சொற்கள் இருந்தால் கணக்குப் பிரிவுக்கு. வேலை கேட்டு வருபவை தனிப் பட்டியலுக்கு.

பல மென்பொருள்களில் ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும். சிலவற்றில் முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும், சிலவற்றில் எல்லாமே ஓடும். உங்களுடையது எது என்று உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, முக்கியமானதை மேலே வையுங்கள்.

தானியங்கிப் பதிலில் கவனம் தேவை. "உங்கள் மெயில் கிடைத்தது" என்று நாம் அனுப்ப, அந்தப் பக்கம் "நான் விடுமுறையில் இருக்கிறேன்" என்று வர, அதற்கு நாம் மறுபடி அனுப்ப, இப்படியே இரவெல்லாம் ஓடும். நல்ல மென்பொருள்கள் இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும். இருந்தாலும் ஒரு முகவரிக்கு ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் தானியங்கிப் பதில் போகாதபடி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சின்ன அலுவலகத்துக்குத் தானியங்கிப் பதிலே வேண்டாம். மனிதர் எழுதின ஒரு வரிக்கு அது ஈடில்லை.

ஏழாம் படி: டெம்ப்ளேட்டும் மொழியும்

அடிக்கடி எழுதுவதை மட்டும் டெம்ப்ளேட் ஆக்குங்கள்: சாம்பிள் அனுப்பிய தகவல், ஆவணங்களின் நகல், ஈசி விளக்கம், மழைத் தாமதம். கடைசியாகச் சொன்னது நமக்கு அத்தியாவசியம். ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வந்துவிட்டால், களத்தில் பித் காயாது. ஐப்பசி மழை தனி. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் "மழையால் தாமதமாகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். புதிய தேதிக்கு ஒரு காலியிடம் விட்டு, அதை நிரப்பாமல் அனுப்ப முடியாதபடி வையுங்கள். வாடிக்கையாளர் அந்த மெயிலில் தேடுவது தேதியைத்தான்.

லோடிங் போட்டோக்களை மொத்தமாக இணைக்காதீர்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது. டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள், பார்க்கும் அனுமதி திறந்திருக்கிறதா என்று வேறொரு கணக்கிலிருந்து ஒரு தடவை சரிபார்த்துவிட்டு.

மலையாளத்தில் வருகிற மெயில்களுக்கு வழி எளிது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடு. அவர்களில் ஒருவருக்கு மலையாள டிக்கெட்களை ஒதுக்கிவிடுங்கள். மட்டை சப்ளையர்கள் எப்படியும் போனில்தான் பேசுவார்கள். பேசியதில் விலையும் லோடும் மட்டும் நோட்டில் ஏறினால் போதும். விலை, அளவு, தேதி உள்ள பதிலை மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டு அப்படியே அனுப்பாதீர்கள்.

எட்டாம் படி: வேலை நேரமும் விடுமுறையும்

மென்பொருளில் வேலை நேரத்தையும் விடுமுறை நாட்களையும் பதியச் சொல்லும். எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு காலண்டர் போதாது. பொங்கலுக்கு நாம் மூடுவோம், கொச்சியில் வேலை நடக்கும். ஓணத்துக்கு நாம் திறந்திருப்போம், அங்கே போனை எடுக்க ஆள் இருக்காது. அதனால் ஓண வாரத்துக்கு முன்பே, வெளியார் காத்திருப்பில் உள்ள கொச்சி டிக்கெட்களின் தேதியை முன்னே இழுத்து முடித்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்து வெயில் காலத்தில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர் காலத்தில் நான்கரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரம் மாறும். மெக்சிகோ நகரத்துக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், அவர்களுக்கு மாலையில் எழுதி அனுப்பிவிட்டுப் போனால் மறுநாள் காலை பதில் இருக்கும். பதில் நேர இலக்கை வேலை நேரத்தில் நான்கு மணி நேரம் என்று வைத்துத் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டு, சிவப்பு எச்சரிக்கையை எல்லாரும் கண்டும் காணாமல் இருக்கப் பழகுவதைவிட அது மேல்.

ஒன்பதாம் படி: வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வருகிற மெயில்

ஏற்றுமதி இறக்குமதியில் இருப்பவர்கள் இதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். மோசடிக்காரர்கள் யாரோ ஒருவரின் மெயில் கணக்குக்குள் புகுந்து, உரையாடலை வாரக்கணக்கில் படித்துவிட்டு, பணம் அனுப்ப வேண்டிய சமயம் பார்த்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதுவார்கள். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும், எல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்கிற எண் இருக்கும். தலைப்பு, கையெழுத்து, பி.எல். எண் எல்லாம் சரியாகவே இருக்கும்.

வங்கி, கணக்கு மாற்றம் போன்ற சொற்கள் வந்தால் டிக்கெட்டில் 'சரிபார்க்கவும்' என்று டேக் போட்டு, முதலாளிக்கும் தெரிவிக்கும்படி ஒரு ரூல் வையுங்கள். அந்த டேக் இருக்கும்வரை கணக்குப் பிரிவு பணம் அனுப்பக்கூடாது. சரிபார்ப்பது போனில்தான், அதுவும் பழைய ஃபைலில் உள்ள எண்ணுக்கு. மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போட்டால் எடுப்பவரும் அதே மோசடிக்காரர்தான். நம் வாடிக்கையாளர்களுக்கும் முதல் இன்வாய்ஸிலேயே சொல்லிவைப்பது நல்லது: நாங்கள் மெயில் மூலம் வங்கிக் கணக்கை மாற்றமாட்டோம். டிமார்க் போட்டிருந்தால் நம் டொமைன் பெயரிலேயே பொய் மெயில் அனுப்புவதைத் தடுக்கலாம், எழுத்து மாற்றிய போலி டொமைனை அது தடுக்காது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு. சம்பந்தப்பட்ட டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள், முழு விவரத்தோடு அதுதான் ஆதாரம்.

வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்று மாலையே முடக்குங்கள். அவர் பெயரில் திறந்திருக்கும் டிக்கெட்களை முதலில் வேறொருவருக்கு மாற்றிவிட்டு முடக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் அவை யார் பட்டியலிலும் தெரியாமல் கிடக்கும்.

வாரம் ஒரு தடவை

சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் போதும். ரிப்போர்ட் பக்கத்தில் வண்ண வண்ணமாக வரைபடம் வரும், அதையெல்லாம் விடுங்கள். மூன்று பட்டியல் பாருங்கள்: யாருக்கும் அசைன் ஆகாதவை, தேதி தாண்டியவை, ஒரு வாரத்துக்கு மேல் திறந்தே கிடப்பவை. ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பெயரும் தேதியும் போட்டுவிட்டு எழுந்திருங்கள். ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தால் அப்போது ஒரு டெம்ப்ளேட் சேர்க்கலாம், கையால் ஒரே விதமாக அசைன் செய்துகொண்டே இருக்கிறோம் என்று தெரிந்தால் ஒரு ரூல் சேர்க்கலாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்து, டிக்கெட்களை மொத்தமாக இறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்துவிடுங்கள். மாத முதலில் ஜிஎஸ்டி வேலைக்கு ஆடிட்டர் ஏதாவது இன்வாய்ஸ் கேட்டால் அதிலேயே தேடி எடுத்துக் கொடுத்துவிடலாம்.